எஸ்எஸ்டிக்கு ‘ஆப்டிமைசர்’ போடலாமா? நிறுவும் முன் பார்க்க வேண்டியவை

கணினியில் புதிய எஸ்எஸ்டி (தரவைச் சேமிக்கும் சாலிட் ஸ்டேட் டிரைவ்) பொருத்திய நான்காவது மாதத்தில்தான் அதன் நலக்குறிப்பை (பயன்பாட்டையும் தேய்மானத்தையும் காட்டும் பதிவை) முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். இதுவரை எழுதப்பட்ட தரவு 38 டெராபைட் என்றது. என் வேலை எழுத்தும் கொஞ்சம் படத் திருத்தமும்தான். நாள் ஒன்றுக்கு 15 ஜிகாபைட்டைத் தாண்ட வழியே இல்லை. அந்தக் கணக்கில் நான்கு மாதத்துக்கு 2 டெராபைட்கூட வந்திருக்கக் கூடாது. மீதி 36 டெராபைட்டை யார் எழுதினார்கள் என்று தேடினேன். “எஸ்எஸ்டியின் ஆயுளை நீட்டிக்கும்” என்ற விளம்பரத்தை நம்பி, நானே காசு கொடுத்து வாங்கிய ‘ஆப்டிமைசர்’ மென்பொருள்தான் எழுதியிருந்தது. ஒவ்வோர் இரவும், காலியாகக் கிடந்த 300 ஜிகாபைட் இடத்தை முழுதாக ஒருமுறை எழுதி அழித்து, ‘சுத்தம்’ செய்துகொண்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

அந்த எஸ்எஸ்டியின் உத்தரவாதம் மொத்தம் 300 டெராபைட் எழுத்துவரைதான். என் சொந்தப் பயன்பாட்டில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக்கூடிய தேய்மானம் நான்கே மாதத்தில் முடிந்துவிட்டது. வட்டு பழுதாகவில்லை, இன்றும் ஓடுகிறது. ஆனால் சந்தா கட்டி என் பொருளை நானே தேய்த்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

எனவே விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியார் விற்கும் ஆப்டிமைசர் வேண்டாம். இயங்குதளத்திலேயே இருக்கும் வசதி போதும். எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் மென்பொருளை அன்றாடத்தில் இரண்டே காரியங்களுக்குப் பயன்படுத்தலாம், அதைக் கீழே சொல்கிறேன். இந்த வரிசையில் போனால் எல்லாம் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் பெரும்பகுதியும் பேக்கப் எடுக்கத்தான் ஆகும்.

1. உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள்

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து ஆங்கிலத்தில் ‘டீஃபிராக்’ (defrag) என்று தட்டினால், டிரைவ்களைச் சீரமைக்கும் ஜன்னல் பட்டியலில் வரும். அதில் ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே அது ஹார்ட் டிஸ்க்கா, சாலிட் ஸ்டேட் டிரைவா என்று எழுதியிருக்கும். பலருடைய கணினியில் இரண்டும் இருக்கும். சி டிரைவ் எஸ்எஸ்டியாகவும் டி டிரைவ் ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் என்று அந்த ஜன்னல் காட்டினால், அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பழைய ரெய்டு அமைப்பு (பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்குவது), பழைய டிரைவர் மென்பொருள், வட்டை வெளியே இணைக்கும் யுஎஸ்பி பெட்டி ஆகியவை இப்படிக் குழப்புவதுண்டு. தவறாக அடையாளம் கண்டால் விண்டோஸ் தவறான வைத்தியத்தைத்தான் செய்யும்.

2. தாள்களைத் திரட்டுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பழுது வந்தபிறகு அலைவதும் இதற்காகத்தான். அரை மணி நேரம் ஒதுக்கி, கீழ்க்கண்டவற்றை அந்தக் கணினியில் அல்லாமல் வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள்.

வாங்கிய ரசீது வேண்டும். தனியாக வாங்கிய எஸ்எஸ்டி என்றால் அதன் ரசீது, கணினியோடு வந்தது என்றால் கணினியின் ரசீது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மடிக்கணினியோடு வரும் எஸ்எஸ்டிக்கு, அதன்மேல் எந்த நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும், உத்தரவாதம் பொதுவாக மடிக்கணினி நிறுவனத்துடையதே. வட்டின் வரிசை எண்ணோடு வட்டு நிறுவனத்திடம் போனால் ‘இது எங்கள் கணக்கில் வராது’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்தது மாடல் எண்ணும் வரிசை எண்ணும். வட்டின்மேல் ஒட்டிய சீட்டில் இரண்டும் இருக்கும். கணினியைத் திறக்க வேண்டியதில்லை, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவி காட்டிவிடும். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளைத் தேடி எடுங்கள். அதில் டிபிடபிள்யூ என்றொரு எண் இருக்கும். உத்தரவாதக் காலத்தில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதற்கான வரம்பு அது. சாம்சங் 870 ஈவோ வரிசையை எடுத்துக்கொண்டால், 250 ஜிகாபைட்டுக்கு 150, 500 ஜிகாபைட்டுக்கு 300, 1 டெராபைட்டுக்கு 600 டெராபைட். அல்லது 5 ஆண்டு. இரண்டில் எது முந்துகிறதோ அதோடு உத்தரவாதம் முடியும். இந்த ‘எது முந்துகிறதோ’ என்ற சொல்லை நான் படிக்காமல் விட்டேன்.

மூன்றாவது, இன்றைய நலக்குறிப்பின் ஸ்கிரீன்ஷாட். எழுதப்பட்ட மொத்தத் தரவு, மின்சாரத்தில் இருந்த மணிநேரம், தேய்மான விழுக்காடு ஆகிய மூன்றும் அதில் தெரிய வேண்டும். தேதியோடு சேமியுங்கள். இது இல்லாவிட்டால், பிறகு எண் ஏறும்போது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சொல்ல முடியாது. புதியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டிகள் தரும் ‘பயன்படுத்தப்பட்ட விழுக்காடு’ பூச்சியத்திலிருந்து ஏறுவது. சில கருவிகளோ அதைத் திருப்பிப் போட்டு, 100இலிருந்து இறங்கும் ‘ஆரோக்கியம்’ என்று காட்டும். 3 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ‘மூன்று விழுக்காடுதான் மிச்சம்’ என்று பதறி, புது வட்டு வாங்கப் புறப்படாதீர்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் போய், டிஸ்க் பண்புகளைத் திறந்தால் என்விஎம்இ வட்டுகளின் மீதி ஆயுளும் வெப்பமும் தனிக் கருவி இல்லாமலே தெரியும்.

நான்காவது, விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. 48 இலக்கங்கள் கொண்டது. விண்டோஸ் 11 இருக்கும் பல கணினிகளில், உங்களைக் கேட்காமலே வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) அமைப்பில் கைவைத்தாலோ வட்டை வேறு கணினியில் மாட்டினாலோ சாவியைக் கேட்கும். அப்போது அது இல்லையென்றால் உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

3. பேக்கப் எடுங்கள்

விளக்கம் தேவையில்லை. நேரத்தை மட்டும் சொல்கிறேன். 400 ஜிகாபைட்டை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எழுதும் வெளி டிஸ்க்குக்கு மாற்ற, கணக்குப்படி 67 நிமிடம். சிறு சிறு கோப்புகளாக இருந்தால் அதைப்போல இரண்டு மடங்குகூட ஆகும். மற்றப் படிகளைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இது பின்னால் ஓடட்டும். எஸ்எஸ்டியிலேயே பேக்கப் எடுத்து, மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அதன் செல்களில் இருப்பது மின்னூட்டம், காலப்போக்கில் கசியும்.

4. ட்ரிம் ஓடுகிறதா?

ஆப்டிமைசர்கள் விற்கும் ‘சீரமைப்பு’ என்பதில் உண்மையான சரக்கு ஒன்று உண்டென்றால் அது ட்ரிம்தான். அதுவோ இயங்குதளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

ஒரு கரும்பலகையில் வரி வரியாக எழுதலாம், ஆனால் அழிப்பதென்றால் பலகை முழுவதையும்தான் அழிக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் நினைவகத்தின் சட்டம் இதுவே. எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களில், அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த தொகுதியாக. எழுதிய வரியின் மேலேயே மாற்றி எழுதவும் முடியாது. எனவே எஸ்எஸ்டியின் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சிப், தேவையான வரிகளை வேறு பலகைக்குப் பெயர்த்து எழுதிவிட்டு, பழைய பலகையைத் துடைத்து, அடுத்த எழுத்துக்குத் தயாராக வைக்கிறது.

நீங்கள் ஒரு கோப்பை அழிக்கும்போது இயங்குதளம் தன் பதிவேட்டில் மட்டும் அதன் பெயரை அடித்துவிடுகிறது. எஸ்எஸ்டிக்கு அது தெரியாது. செத்த வரிகளையும் உயிருள்ளவை என்று நினைத்துச் சுமந்து சுமந்து பெயர்த்து எழுதும். எழுத்தும் கூடும், வேகமும் குறையும். ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்று இயங்குதளம் எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளையே ட்ரிம். விண்டோஸில் இது 2009இல் வந்த விண்டோஸ் 7இலிருந்து இருக்கிறது. விண்டோஸ் 8இலிருந்து, அழிக்கும்போது அனுப்புவதோடு, கால அட்டவணைப்படி மொத்தக் காலி இடத்துக்கும் மறுபடி ஒருமுறை அனுப்பும் வழக்கமும் சேர்ந்துகொண்டது.

சரிபார்ப்பது எப்படி? முதல் படியில் திறந்த அதே ஜன்னலில் எஸ்எஸ்டிக்கு எதிரே கடைசியாகச் சீரமைத்த நாள் இருக்கும். கீழே ‘கால அட்டவணைப்படி சீரமைத்தல்’ இயங்குநிலையில், வாரம் ஒருமுறை என்று இருக்க வேண்டும். நாள் பழையதாக இருந்தால் டிரைவைத் தேர்ந்து ‘ஆப்டிமைஸ்’ பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். எஸ்எஸ்டி என்றால் அது ட்ரிம்தான் செய்யும். சில விநாடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தால் அது ட்ரிம் இல்லை, ஏதோ தவறு.

லினக்ஸில் இதற்கு எஃப்எஸ்ட்ரிம் என்ற கருவியும், அதை வாரம் ஒருமுறை ஓட்டும் டைமரும் உண்டு. உபுண்டு போன்றவற்றில் டைமர் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். லக்ஸ் என்ற வட்டுக் குறியாக்கம் போட்டிருந்தால் மட்டும், ட்ரிம் கட்டளையை உள்ளே கடத்த அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேக்கில் ஆப்பிளின் சொந்த வட்டுகளுக்குத் தானாகவே இருக்கும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ட்ரிம் ஆதரவு ‘ஆம்’ என்று காட்டும். பழைய மேக்கில் வேறு நிறுவன எஸ்எஸ்டி பொருத்தியவர்கள் ட்ரிம்ஃபோர்ஸ் என்ற கட்டளையால் அதை இயக்கலாம். 2015இல் வந்த யோசெமிட்டி 10.10.4 முதல் அந்த வசதி இருக்கிறது. யுஎஸ்பி பெட்டியில் போட்ட எஸ்எஸ்டிக்குப் பெட்டியின் சிப் ஒத்துழைக்க வேண்டும். பெட்டி வாங்கும்போது யுஏஎஸ்பி (யுஎஸ்பி வழியாக வட்டோடு பேசும் நெறிமுறை) ஆதரவு உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

ட்ரிம் பற்றி ஓர் எச்சரிக்கை. தவறுதலாக எதையாவது அழித்துவிட்டீர்கள், மீட்க வேண்டும் என்றால், சீரமைப்புப் பொத்தானின் பக்கமே போகாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் மீட்பு மென்பொருள் தோண்டி எடுத்துவிடும். ட்ரிம் போன எஸ்எஸ்டியில் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. பேக்கப்பை முன்னால் வைத்ததற்கு இதுவும் காரணம்.

5. டீஃபிராக் வேண்டாம்

சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பதே டீஃபிராக். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பு பத்துத் துண்டாகச் சிதறிக் கிடந்தால், படிக்கும் முள் பத்து இடத்துக்கு நகர வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட். எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, நகர்வும் இல்லை. கோப்புகளை ஒட்டவைத்தால் மிஞ்சுவது தேய்மானம்தான். போதாததற்கு, இயங்குதளத்தின் கண்ணுக்கு அடுத்தடுத்து இருப்பது சிப்பின் உள்ளே எங்கெங்கோ இருக்கும்.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். சிஸ்டம் ரீஸ்டோர் (விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி) இயக்கப்பட்டிருந்தால் விண்டோஸே எப்போதாவது எஸ்எஸ்டியில் டீஃபிராக் செய்வதுண்டு. ஒரு கோப்பு எத்தனை துண்டாகலாம் என்பதற்குக் கோப்பு முறைமையில் ஒரு வரம்பு இருப்பதால் அப்படிச் செய்கிறது. அதைப் பார்த்துப் பயந்து அட்டவணையையே நிறுத்திவிடாதீர்கள், ட்ரிம்மும் சேர்ந்து நின்றுவிடும். 2020இல் விண்டோஸ் 10இன் 2004 என்ற பதிப்பில், கடைசியாகச் சீரமைத்த நாளை மறந்துவிட்டு அடிக்கடி சீரமைக்கும் பிழை ஒன்று வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் சரிசெய்துவிட்டார்கள். இதனால் நான் சொல்வது, இயங்குதளத்தை அப்டேட் செய்து வைத்திருங்கள் என்பதுதான்.

6. ஆப்டிமைசர் காட்டும் பொத்தான்களைக் கண்டு மயங்காதீர்கள்

பச்சை, சிவப்பு விளக்குகளோடு ‘847 சிக்கல்கள் கண்டறியப்பட்டன’ என்கிற மாதிரி ஒரு திரை வரும். அந்த எண்ணில் பாதி உலாவியின் குக்கீகள். எனக்கு அதில் கிடைத்த பொத்தான்களையும், ஒவ்வொன்றைப் பற்றிய என் தீர்ப்பையும் சொல்கிறேன்.

காலி இடத்தைத் துடைத்தல். என்னைக் கெடுத்தது இதுதான். ஹார்ட் டிஸ்க் காலத்தில், அழித்த கோப்பு மீளாமல் இருக்க அதன்மேல் எழுதுவார்கள். எஸ்எஸ்டியில் அது இரட்டை நட்டம். மேலே எழுதுவதாக நீங்கள் நினைப்பது வேறு இடத்தில் போய் எழுதப்படும், பழையது ஒதுக்கிடத்தில் எங்காவது மிஞ்சலாம். தேய்மானம் மட்டும் உறுதி. கணினியை விற்கப் போகிறீர்கள் என்றால், தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ இருக்கும் பாதுகாப்பான அழிப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். முழு வட்டும் ஒரே கட்டளையில் அழியும், பல வட்டுகளில் சில நிமிடம்கூட ஆகாது.

பேஜ்ஃபைலை (நினைவகமான ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் கோப்பை) நிறுத்துதல். ‘எழுத்து குறையும்’ என்பார்கள். குறையும்தான். ஆனால் நினைவகம் நிறையும் நாளில், சேமிக்காத வேலையோடு நிரல் மூடிக்கொள்ளும். எஸ்எஸ்டியின் வேகம் மிகவும் பயன்படும் இடமே பேஜ்ஃபைல்தான். விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள்.

ஹைபர்நேஷனை (திறந்திருக்கும் வேலையை வட்டில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு அணையும் வசதியை) நிறுத்துதல். இதில் ஒரு நியாயம் உண்டு. அந்தக் கோப்பு வழக்கமாக நினைவகத்தில் 40 விழுக்காடு அளவு இடம் பிடிக்கும், 16 ஜிகாபைட் நினைவகத்துக்கு 6.4 ஜிகாபைட். 128 ஜிகாபைட் எஸ்எஸ்டியில் அது பெரிய இடம். இடத்துக்காக நிறுத்தினால் சரி. தேய்மானத்துக்காக என்றால், தினமும் முழுக் கோப்பையும் எழுதினாலும் ஆண்டுக்கு 2.3 டெராபைட் அளவுதான். 300இல் அது எம்மாத்திரம்? மடிக்கணினிக்காரர்கள் நிறுத்தினால், பேட்டரி தீரும்போது திறந்திருந்த வேலையெல்லாம் போகும்.

சிஸ்மெயின், ப்ரீஃபெட்ச் ஆகியவற்றை (நிரல்கள் விரைவாகத் திறக்க முன்கூட்டியே தயார் செய்யும் விண்டோஸ் வசதிகளை) நிறுத்துதல். பழைய அறிவுரை. விண்டோஸ் தானாகவே எஸ்எஸ்டியைக் கண்டு நடந்துகொள்ளும். தொடாதீர்கள்.

ரைட் கேஷ் பஃபர் வெளியேற்றத்தை (வட்டின் தற்காலிக நினைவில் இருக்கும் தரவை நிரந்தரமாக எழுதச் சொல்வதை) நிறுத்துதல். பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். வேகச் சோதனையில் எண் துள்ளும், பார்க்க அழகாக இருக்கும். மின்சாரம் திடீரென்று போனால், எழுதிவிட்டதாக இயங்குதளம் நம்பியிருந்த தரவு எங்கும் இருக்காது. கோப்பு முறைமையே சிதையலாம். டிவைஸ் மேனேஜரில் வட்டின் பாலிசீஸ் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். மேலே உள்ள ரைட் கேஷ் தேர்வில் இருக்கட்டும். கீழே உள்ளது காலியாகவே இருக்க வேண்டும்.

ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேடு) சுத்தம். எஸ்எஸ்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களுக்குத் தன் ஆதரவு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது.

தற்காலிகக் கோப்புகளை அழித்தல். பயனுள்ளது. விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸ் அதையே இலவசமாகச் செய்கிறது.

இந்த மென்பொருள்களெல்லாம் நிர்வாகி உரிமையோடு ஓடுகின்றன என்பதையும் மறக்காதீர்கள். 2017இல் சிகிளீனர் என்ற புகழ்பெற்ற சுத்தக் கருவியின் 5.33 பதிப்புக்குள், தயாரிப்பாளரின் சொந்தச் சர்வரிலேயே தாக்குதல்காரர்கள் தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. தேவையில்லாத ஒரு கதவை எதற்காகத் திறந்து வைப்பது?

7. தயாரிப்பாளரின் மென்பொருள்: நலக்குறிப்புக்கும் ஃபர்ம்வேருக்கும் மட்டும்

சாம்சங்குக்கு மேஜிஷியன், க்ரூஷியலுக்கு ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ், கிங்ஸ்டனுக்கு எஸ்எஸ்டி மேனேஜர் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். எல்லாம் இலவசம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பை நம்ப வேண்டாம். மடிக்கணினியோடு வந்த வட்டுக்கு ஃபர்ம்வேர் பெரும்பாலும் மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில்தான் கிடைக்கும்.

ஃபர்ம்வேர், அதாவது வட்டின் உள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரல், அவ்வளவு முக்கியமா? ஹெச்பிஇ நிறுவனம் 2019 நவம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணிநேரம் ஓடியதும் செத்துவிடும், தரவும் மீளாது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணிநேரம். காரணம் ஃபர்ம்வேரில் இருந்த எண்ணிக்கைப் பிழை. ஒரே நாளில் இயக்கிய வட்டுகள் ஒரே நேரத்தில் விழும் என்பதால் ரெய்டும் காப்பாற்றாது. வீட்டுக் கணினிகளின் கதை இவ்வளவு கொடுமையானதல்ல, ஆனாலும் உண்டு. சாம்சங் 840 ஈவோவில் பல வாரங்களுக்கு முன் எழுதிய கோப்புகளைப் படிக்கும் வேகம் விழுந்தது, 2014இல் ஃபர்ம்வேர் திருத்தம் வந்தது. 990 ப்ரோவில் ஆரோக்கிய எண் மளமளவென்று இறங்கியது, 2023 பிப்ரவரியில் திருத்தம் வந்தது. பிந்தைய திருத்தம் மேலும் இறங்குவதை நிறுத்தியதே தவிர, இறங்கிப்போன எண்ணை ஏற்றித் தரவில்லை. தாமதித்தவர்களுக்கு நட்டம். இவற்றில் எதையும் ஓர் ஆப்டிமைசர் சரிசெய்திருக்காது.

ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குச் சில நிமிடமும் ஒரு மறுதொடக்கமும் போதும். செய்யும் முன் பேக்கப் முடிந்திருக்க வேண்டும், மடிக்கணினி சார்ஜரில் இருக்க வேண்டும், பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். பாதியில் மின்சாரம் போனால் வட்டு செங்கல்போலப் பயனற்றுப் போகலாம்.

அத்தகைய மென்பொருளில் ‘ரேபிட் மோட்’ போன்ற நினைவகக் கேஷ் வசதிகளும் இருக்கலாம். வேகச் சோதனையில் எண்ணைப் பெருக்குவது கணினியின் நினைவகமே, வட்டு அல்ல. நான் தொடுவதில்லை.

8. காலி இடம் விடுங்கள்

பத்து முதல் இருபது விழுக்காடு. முழுதாக நிரப்பினால் கட்டுப்பாட்டுச் சிப்புக்குப் பலகை மாற்ற இடமில்லாமல் திணறும். ‘ஓவர் ப்ரொவிஷனிங்’ என்று தனிப் பொத்தான் போட்டு ஒதுக்குவதும் இதையேதான், பிரிக்காமல் காலியாக வைத்திருந்தாலே பலன் ஒன்றுதான். இடையில் ஒரு சந்தேகம் வரும்: 1 டெராபைட் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிகாபைட் என்கிறதே? யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

9. இன்னும் மெதுவாக இருக்கிறதா?

ஆப்டிமைசர் தேடும் முன் இவற்றைப் பாருங்கள். பெரிய கோப்பை நகலெடுக்கும்போது நடுவழியில் வேகம் விழுகிறது என்றால் அது வட்டின் கேஷ் (எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதி) நிரம்பியதன் அறிகுறி. சாம்சங் 870 க்யூவிஓ 1 டெராபைட் மாடலின் விவரத்தாளே இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: நொடிக்கு 530 மெகாபைட் எழுதும், 42 ஜிகாபைட் கேஷ் நிரம்பினால் 80 மெகாபைட். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானே மீளும். வாங்கும் முன் இந்த இரண்டாவது எண்ணைத் தேடிப் பாருங்கள், பெட்டியின்மேல் அது இருக்காது.

வெப்பத்தையும் பாருங்கள். நுகர்வோர் என்விஎம்இ வட்டுகள் பலவற்றின் இயக்க வரம்பு 70 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு சிறு உலோக வெப்பக் கடத்தி போதும். கணினி தொடங்கவே நேரமாகிறது என்றால், டாஸ்க் மேனேஜரில் தொடக்க நிரல்களின் பட்டியலைத் திறங்கள். என் பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்ததே அந்த ஆப்டிமைசர்தான்.

10. ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால்

உடனே அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். நான் செய்த தவறு அது. அது மாற்றிய அமைப்புகள் அப்படியே தங்கிவிட்டன. முதலில் அந்த மென்பொருளுக்குள்ளேயே பழைய நிலைக்குத் திருப்பும் வசதி இருந்தால் அதை ஓட்டுங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை ரத்து செய்து, ரத்து உறுதி மின்னஞ்சலைச் சேமியுங்கள். மென்பொருளை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்பது நம்முடைய நினைப்பு மட்டுமே. பிறகு நீக்குங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் அதன் பெயரில் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இரவு 2 மணி வேலை ஒன்று அங்கேயே இருந்தது.

அடுத்து, வாராந்திரச் சீரமைப்பு அட்டவணை மறுபடி இயங்குநிலையில் இருக்கிறதா, பேஜ்ஃபைல் விண்டோஸின் பொறுப்பில் இருக்கிறதா, சிஸ்மெயின் தானாகத் தொடங்குகிறதா, பாலிசீஸ் பக்கத்தின் இரண்டாவது கட்டம் காலியா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து கால் மணி நேர வேலை. கணினியை மறுதொடக்கம் செய்து, எழுதப்பட்ட தரவின் எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் வேலை செய்துவிட்டு அதே எண்ணை மறுபடி பாருங்கள். நூறு, இருநூறு ஜிகாபைட்டுக்குள் ஏறியிருந்தால் கவலையில்லை. ஒரு டெராபைட்டைத் தாண்டினால் இன்னும் ஏதோ பின்னால் எழுதிக்கொண்டிருக்கிறது. ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பக்கத்தை எழுதும் அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் அதன் பெயர் மேலே வந்து நிற்கும். அந்த முதல் வாரத்தில் எனக்கு ஏறியது 94 ஜிகாபைட்.